டையூவில் மூன்று நாட்கள்

ஊர் சென்று திரும்ப ஒரு வாரமேனும் வேண்டும். மும்பையிலும் ஆமதாபாத்திலும் வாழும் நம்மவருக்கு ஆண்டில் ஒருமுறைதான் அது வாய்க்கும். இடையில் கிடைக்கும் மூன்று நாள் விடுப்பை எங்கே கழிப்பது என்று கேட்கும் அன்பர்களுக்கு டையூத் தீவை நாங்கள் கூறுகின்றோம்.

எங்கள் இல்லத்தில் இதுபற்றி ஒரு வழக்கே நடந்தது. குழந்தைகள் நாகோவா கடற்கரையில்தான் தங்க வேண்டும் என்றனர். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாக நான்காம் மாடியில் அடைந்து கிடந்த அன்னையாரோ, "அந்தக் கூட்டத்தில் என்னை எங்கே உட்கார வைப்பாய்?" என்றார். அக்கேள்விக்கு விடையாகவே பழைய துறைமுக நகரில் அறை எடுத்தோம்.

வேராவல் வரை இரயில். பின்னர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சாலை. முடிவில் ஒரு பாலம். தீவின் பரப்பு 40 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. முன்னாளில் அரபிக்கடல் வாணிபத்தில் பெயர் பெற்ற துறைமுகம் இது. ஹுமாயூனை எதிர்க்கத் துணை நாடிய குஜராத் சுல்தான் பகதூர் ஷா, 1535-இல் இங்கே போர்த்துகீசியர் கோட்டை கட்ட இசைந்தார். துணைக்கு வந்தவர்கள் 1961 டிசம்பர் வரை அகலவில்லை! வாணிபம் அதற்கு நெடுங்காலம் முன்னரே போய்விட்டது. கோட்டையும் பீரங்கிகளும், வெண்ணிற மாதா கோயில்களும், குறுகிய தெருக்களும் எஞ்சின.

கோட்டையின் படிகளைக் குழந்தைகள் ஏறினர். அன்னையார் கரையோரக் கல்மேடையில் அமர்ந்து படகுகள் போய்வருவதைப் பார்த்திருந்தார். மறுநாள் விடியலில் எங்களை எழுப்பியவரும் அவரே.

1971 டிசம்பர் 9 அன்று இக்கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'குக்ரி' போர்க்கப்பலின் நினைவிடத்துக்கும் சென்றோம். உயிர் நீத்தோர் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலோடே அமிழ்ந்தார். வரலாற்றுப் பாடத்தில் கொட்டாவி விடும் எங்கள் சிறுவன், அங்கே தானாகவே தொப்பியைக் கழற்றினான்.

ஓர் எச்சரிக்கை. குஜராத்தில் மதுவிலக்கு உண்டு, டையூவில் இல்லை. ஆதலின் சனி ஞாயிறுகளிலும், தீபாவளியை அடுத்த நாட்களிலும் கூட்டமும் கூச்சலும் மிகும். குளிர்காலத்தில், வார நடுவில் செல்லுதல் நன்று. குழந்தைகளுக்குப் பள்ளியில் விடுப்புக் கேட்க நேரினும் அது நட்டமன்று.

விடுமுறைக்கு இடம் தேடும் அன்பர்கள், வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவரை முதலில் கேளுங்கள். அவருக்கு உகந்த ஊர் மற்ற அனைவருக்கும் உகந்ததாகவே இருக்கும்.