சர்டிபிகேட் விற்பனையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும்

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் போஸ்டர்கள் முளைத்து விடுகின்றன. கம்ப்யூட்டர் ஹார்ட்வேர், நெட்வொர்க்கிங் பயிற்சியாம், சர்வதேச சர்டிபிகேட்டாம், நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதமாம்! ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மில் தொழிலாளியும் நாற்று நட்டுவிட்டுக் கரையேறும் தாயும் இவற்றைப் பார்க்கிறார்கள். நம்மோடு போகட்டும் இந்தப் பஞ்சுத் தூசியும் சேறும், நம் பிள்ளையாவது கரை சேரட்டும் என்று எண்ணுகிறார்கள். நியாயமான ஆசை. அந்த ஆசைக்காகக் காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

தோட்டைக் கழற்றுமுன் சில கேள்விகளைக் கேட்க வேண்டாமா? இந்தச் சர்டிபிகேட்டைக் கொடுப்பது யார்? அதற்கு என்ன மதிப்பு? அதை எடுத்தால்தான் இந்தத் தொழிலில் நுழைய முடியுமா?

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லி விடுகிறோம். தொழில் நல்ல தொழில். பாங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீசு, மில் கணக்கர் அறை என்று எங்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வந்தது பழுதாகும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. வயலில் பம்புசெட்டு ஓடவில்லை என்றால் என்ன செய்கிறோம்? கரண்ட் இருக்கிறதா, ப்யூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறோம். ஸ்பின்னிங் பிரேமில் இழை அறுந்துகொண்டே இருந்தால் ஃபிட்டர் முதலில் மிஷினைப் பிரிக்கிறாரா? எப்போதிலிருந்து அறுகிறது, அதற்குமுன் எதை மாற்றினார்கள் என்று அங்கே நிற்கும் தொழிலாளியைக் கேட்கிறார்; டிராவலர் தேய்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்; ஒன்றை மாற்றிப் பார்க்கிறார்; சரியானால் மற்றவற்றையும் கவனிக்கிறார்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவனுக்குச் சொல்லித்தரும் முறையும் இதுவேதான். ஆறு படிகள் என்று அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பழுது என்னவென்று விசாரித்துத் தெரிந்துகொள், காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டம் போட்டுச் சரிசெய், முழுக்க வேலை செய்கிறதா என்று பார், செய்ததை எழுதி வை. ஆறாவது படி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம் ஃபிட்டர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவதுதான். அவர்களுக்கு எந்தச் சர்வதேச ஸ்தாபனமும் சர்டிபிகேட் கொடுத்ததில்லை!

மிஷினின் பாகங்களைத் தெரிந்துகொள்ள வேண்டியது மெய். கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை, எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, வேலை நடக்கும்போது கணக்கை வைத்துக்கொள்ளும் நினைவுப் பலகையான ராம், எழுதியதைச் சேமிக்கும் டிஸ்க். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பட்டாலே பலகை கெட்டுவிடும் என்பதால் மணிக்கட்டில் பட்டை கட்டி வேலை செய்ய வேண்டும். லேசர் பிரிண்டரில் மையைக் காகிதத்தில் உருக்கிப் பதிக்கும் பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். நெட்வொர்க்கில் சேர்ந்த மிஷினுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், முகவரி வழங்கும் கருவியை அது எட்டவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்ட நூறு விஷயங்கள் உண்டு. பத்தாவது படித்த பிள்ளை, மேஜையில் நாலு பழைய மிஷின்களும் பக்கத்தில் ஒரு நல்ல ஆசிரியரும் இருந்தால் கற்றுக்கொள்ளக் கூடியவைதான்.

இனி சர்டிபிகேட்டுக்கு வருவோம். இந்தத் துறையில் ஆரம்பப் படி என்று உலகெங்கும் பேசப்படுவது ஏ-பிளஸ் என்னும் அமெரிக்கச் சர்டிபிகேட். அதை நடத்தும் ஸ்தாபனத்தின் பெயர் காம்ப்டியா. 1982-இல் அது தொடங்கியபோது பெயரே வேறு: கம்ப்யூட்டர் விற்பனையாளர்களின் சங்கம். ஆம், வியாபாரிகளின் சங்கம்! விற்ற சரக்கைப் பழுதுபார்க்க ஒரே தரத்தில் ஆட்கள் வேண்டும் என்ற அவர்களுடைய தேவைக்காக 1993-இல் ஏ-பிளஸ் பரீட்சை ஏற்பட்டது. எது தெரிந்தால் ஒருவன் தொழில் தெரிந்தவன் என்பதைத் தீர்மானித்தது விற்பவர் தரப்பு. 2005-இல் அமெரிக்க ராணுவ இலாகா, தன் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்களுக்கு அங்கீகரித்த சர்டிபிகேட்டுகளில் இதையும் சேர்த்துக்கொண்டது. கிராக்கி கூடியது.

பரீட்சைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிஷங்கள். 900-க்கு முதலாவதில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் தேறலாம். இரண்டுக்கும் அமெரிக்காவில் கட்டும் கட்டணம் 500 டாலரைத் தாண்டுகிறது. நம் ரூபாயில் 40,000-க்கு மேல். சுமார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பாடத்திட்டமே மாறுகிறது. 2019, 2022, 2025 என்று வரிசையாக மாறிவிட்டது. அண்ணன் வாங்கிய கைடு தம்பிக்கு முழுதாக உதவாது.

இவ்வளவு கட்டித் தேறியவன் கையில் திருப்புளி பிடித்தானா? இல்லை! எல்லாம் திரைக்கு முன்னால்தான். செய்முறைக் கேள்விகள் என்று சில உண்டு. அவையும் திரையில் படம் காட்டி நகர்த்தச் சொல்பவையே. மிஷினைத் திறந்தே பார்க்காதவன் மனப்பாடம் செய்து தேறிவிட முடியும். கேள்விகளைத் திருடி விற்கும் வியாபாரமும் இதன் நிழலில் நடக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். இந்தப் பரீட்சை எழுதுபவனுக்குச் சுமார் 12 மாத வேலை அனுபவம் இருந்தால் நல்லது என்று அந்த ஸ்தாபனமே சொல்கிறது. அங்கே வேலையில் இருப்பவனுக்கென்று வகுத்த பரீட்சை, இங்கே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் முதல் வேலைக்கு வாசற்படியாக விற்கப்படுகிறது!

இன்னொரு விஷயம், தொழிலாளிகள் கவனிக்க வேண்டியது. முதலில் இந்தச் சர்டிபிகேட் ஆயுள் முழுவதும் செல்லும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2010-ஆம் வருஷத் தொடக்கத்தில், இனி மூன்று வருஷம்தான், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று அறிவித்தார்கள். பழைய சர்டிபிகேட் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பைக் கண்டு காம்ப்டியா பின்வாங்கியது. 2011-க்குமுன் வாங்கியவர்களுக்கு மட்டும் ஆயுட்காலம் நிலைத்தது. சங்கமாகத் திரளாமலே கிளம்பிய எதிர்ப்புக்கு இவ்வளவு பலன்! 2011-க்குப் பிறகு வாங்கியவர்களோ மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேற்படிப்புக் கணக்குக் காட்டி, கட்டணமும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். நெசவு கற்றவனுக்கு மூன்று வருஷத்தில் நெசவு மறந்துவிடும் என்று யாராவது சொன்னதுண்டா? கம்ப்யூட்டர் வேகமாக மாறுகிறது, புதியதைக் கற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கற்கும் செலவை வேலை வாங்குபவர் ஏற்கட்டும். கற்றவனே ஆயுள் முழுவதும் கப்பம் கட்டுவது என்ன நியாயம்?

2025 ஜனவரியில் கதை அடுத்த கட்டத்துக்கு வந்தது. பெயரளவுக்காவது லாப நோக்கமற்ற சங்கத்தின் கையில் இருந்த இந்தச் சர்டிபிகேட் வியாபாரம், தோமா பிராவோ, எச்.ஐ.ஜி. கேபிடல் என்னும் இரண்டு முதலீட்டு ஸ்தாபனங்களுக்குக் கைமாறியது. கம்பெனிகளை வாங்கி, லாபத்தைப் பெருக்கி, கூடுதல் விலைக்கு விற்பதே இப்படிப்பட்ட ஸ்தாபனங்களின் தொழில். வியாபாரிகள் சங்கம் வேறு பெயர் பூண்டு தனியே போய்விட்டது. தொழில் தெரிந்தவன் யார் என்று முத்திரை குத்தும் அதிகாரம் பங்குச் சரக்காகிவிட்டது.

வேறு வழியே கிடையாதா? உண்டு. ஜெர்மனியைப் பாருங்கள், அதுவும் முதலாளிகளின் நாடுதான். 1997-இல் அங்கே கம்ப்யூட்டர் அமைப்புகளைப் பொருத்திப் பழுதுபார்ப்பதை முறையான தொழிலாக வகுத்தார்கள். பயிற்சி மூன்று வருஷம். கொஞ்ச நேரம் தொழிற்பள்ளியில், மிச்ச நேரம் வேலைத்தலத்தில். முதல் மாதத்திலிருந்தே பயிற்சி ஊதியம் உண்டு. பாடத்திட்டம் வகுக்கும் மேஜையில் தொழிற்சங்கங்களும் அமர்கின்றன; பரீட்சைக் குழுவில் முதலாளிகள் தரப்புக்குச் சமமாகத் தொழிலாளர் தரப்பும் இருக்கிறது. அங்கே தேறியவனுடைய சான்று மூன்று வருஷத்தில் காலாவதியாவதில்லை. யாரும் மனமிரங்கி இதைக் கொடுத்துவிடவில்லை. அங்குள்ள தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிப் பெற்றது.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 1950-இலேயே கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ.கள் ஏற்பட்டன. அவற்றில் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர், நெட்வொர்க் பராமரிப்பு என்ற பிரிவே இருக்கிறது. பத்தாவது தேறியவர்கள் சேரலாம். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித் தொகையும் உண்டு. முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னை கிண்டியில் மத்திய சர்க்கார் 1986-இல் ஏற்படுத்திய பாடநூல் ஸ்தாபனம், ஐ.டி.ஐ. பாடங்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. ஏ-பிளஸ் பரீட்சையோ தமிழில் கிடையாது.

அப்படியானால் போஸ்டர்கள் ஏன் முளைக்கின்றன? இந்தப் பிரிவு எல்லா ஐ.டி.ஐ.களிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் மிஷின்கள் பழையவையாக இருந்தால், ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், பிள்ளைகள் தனியார் மையத்தைத் தேடித்தான் போவார்கள். சர்க்கார் விட்ட இடைவெளியில்தான் போஸ்டர்க்காரர் கடை விரிக்கிறார். ஆசிரியர் இடங்களை நிரப்பு, மிஷின்களைப் புதுப்பி, கிராமப்புற ஐ.டி.ஐ.களிலும் இந்தப் பிரிவைத் திற என்று கேட்பது பெற்றோரின் உரிமை. மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை.

ஐ.டி.ஐ. முடித்ததும் துன்பம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அப்ரெண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளியல்ல என்று சொல்கிறது. பாதுகாப்பு, விபத்து நஷ்டஈடு போன்ற சிலவற்றைத் தவிர, தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தா. மற்றவனைப் போலவே வேலை செய்கிறான், ஆனால் தொழிலாளி இல்லையாம்! வேலைக்குப் போன பிறகோ பெரிய கம்பெனி நேரடியாக வைத்துக்கொள்வது அபூர்வம். காண்டிராக்டர், அவருக்குக் கீழே இன்னொரு காண்டிராக்டர். சொந்த மோட்டார் சைக்கிள், சொந்த போன், பழுது ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. மில்லில் பதிலித் தொழிலாளி பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊர் ஊராகத் தனியே அலையும் இந்த இளைஞர்களுக்குக் கேட் கூட்டம் போட ஒரு கேட் கூடக் கிடையாது. சங்கத்துக்கு அவர்களைத் தேடிப்போய்ச் சேர்ப்பது மூத்தவர்கள் வேலை.

தனியார் மையத்தில்தான் சேர்க்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக் கட்டணம் வேறு, பரீட்சைக் கட்டணம் வேறு. கட்டும் பணத்தில் எது அடங்கும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மையம் தன் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் காகிதம் ஏ-பிளஸ் ஆகாது. வேலை உத்தரவாதம் என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் எழுந்து வாருங்கள். பயிற்சி அறைக்குள் போய், பிரித்துப் போட்டுப் பழக எத்தனை மிஷின்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பரீட்சையின் பாடத்திட்டத்தை காம்ப்டியாவே விலையின்றி இன்டர்நெட்டில் வெளியிடுகிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கோ அமெரிக்கக் கம்பெனிக்கோ ஏ-பிளஸ் அவசியம் என்று பின்னால் தெரிந்தால், வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனிச் செலவில் எழுதச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய், எந்த ஐ.டி.ஐ.யில் இந்தப் பிரிவு இருக்கிறது, எத்தனை இடம், கடைசித் தேதி எது என்று கேட்டு வாருங்கள். பஸ் கட்டணத்தோடு போகும். தோடு காதிலேயே இருக்கட்டும்.