குழந்தையோடு கடற்கரைக்கு



நாட்றம்பள்ளியிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும், "கடற்கரைக்குப் போகிறோம்" என்று நம் பங்கு மக்கள் சொன்னால் அது பெரும்பாலும் வேளாங்கண்ணிப் பயணத்தையே குறிக்கும். தோல் பதனிடும் சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் கிடைக்கும் சில நாள் விடுப்பில் நேர்த்திக்கடனும் தீர வேண்டும். பிள்ளை கடலையும் காண வேண்டும்.

அண்மையில் இளந்தம்பதியர் இருவர் தம் மூன்று வயது மகனுடன் பயண ஆசீர் பெற நம்மிடம் வந்தனர். வேன், விடுதி, மொட்டை, மெழுகுவர்த்தி என அனைத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தனர். "கடலில் பிள்ளையைக் கவனிப்பவர் யார்?" என்று வினவினோம். "பதினாலு பேர் போறோம் சாமி, எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றார் தந்தை. அவ்விடையே இம்மாதம் இதனை எழுதத் தூண்டிற்று.

பன்னிரண்டு வயதில் இயேசு பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்றதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். திரும்பும் வழியில், மகன் பயணக் கூட்டத்தில் இருப்பான் என்றெண்ணி மரியாளும் சூசையப்பரும் ஒரு நாள் தொலைவு நடந்துவிட்டனர். அவரைக் கண்டடைந்ததோ மூன்றாம் நாள். அப்புனிதப் பெற்றோரையே உறவினர் கூட்டம் அவ்வாறு எண்ண வைத்ததென்றால், நாம் எம்மாத்திரம்? பலர் இருக்குமிடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று இருந்துவிடுவதே மனித இயல்பு. எருசலேம் நகரம் மூன்று நாள் கழித்தேனும் பிள்ளையைத் திருப்பித் தந்தது. கடல் மூன்று நிமிடமும் பொறுப்பதில்லை.

பாலாற்றில் தண்ணீரைவிட மணலையே மிகுதியாகக் கண்டவர்கள் நாம். ஏரியிலும் கிணற்றிலும் நீந்தப் பழகியோர் நம்மில் உண்டு. ஆயின் கடல் வேறு. கரையில் மோதிய அலைநீர் மீண்டும் உள்ளே ஓடுகையில், காலடி மணலையும் அரித்துச் செல்லும். பெரியவருக்கு முழங்காலளவு நீர், மூன்று வயதுப் பிள்ளைக்கு மார்பளவு. திரும்பும் நீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி உள்நோக்கி விரைவதும் உண்டு. அவ்விடத்தில் அலை அதிகம் உடையாததால், பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். அறியாதோர் அதுவே நல்ல இடமென்று பிள்ளையை இறக்கிவிடுகின்றனர்.

ஆதலின் புறப்படுமுன்பே, கடற்கரையில் பிள்ளைக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையெட்டும் தூரத்தில் நிற்கட்டும், கைப்பேசியைத் தொடாதிருக்கட்டும். அரைமணி கழித்து, "இனி உன் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கட்டும். கைக்குழந்தையை அலையில் முக்கி எடுப்பது எந்த நேர்த்தியிலும் சேராது. ஈர மணலில் அமர்த்திக் கால் நனைத்தாலே போதும். காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலை நான்குக்குப் பின் செல்லுங்கள். புதிதாக மொட்டையடித்த இளந்தலை நண்பகல் வெயிலைத் தாங்காது. பூசிய சந்தனத்தின் மேல் துணித்தொப்பியும் வேண்டும். காய்ச்சி ஆறிய நீரும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் பையில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் கையில் எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 பெருவிழா வரையுள்ள நெரிசலும், ஐப்பசி கார்த்திகைப் புயல் மழையும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. பொங்கல் கழிந்த தை, மாசி நாட்களே உகந்தவை.

"மாதா பார்த்துக்கொள்வார்" என்று சிலர் கூறுவர். மாதாவின் பரிந்துரையில் நமக்கும் உறுதியான நம்பிக்கை உண்டு. ஆனால் வானதூதர் தாங்குவர் என்று ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்க நம் ஆண்டவர் மறுத்தார் என்பதையும் மறவாதீர்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த குடும்பங்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த காலை வேளையில் ஆழிப்பேரலை எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000 பேருக்கு மேல். ஆலயத்தினுள் இருந்தோர் காக்கப்பட்டமைக்கு நன்றி கூறுகிறோம். ஆயின் கரையில் மாண்டோரை மாதா கைவிட்டார் என்று எவரும் சொல்லற்க. அவர்களும் அவருடைய பிள்ளைகளே. சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்தபின் அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்நேரத்தில் மக்களை எச்சரிக்க நம்மிடம் ஏற்பாடு இருக்கவில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் அதற்கென ஒரு மையம் இயங்கி வருகிறது. கரையில் எச்சரிக்கை கேட்டால், காவலர் கைகாட்டினால், துணிமணிகளை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அகல்வதே நம் கடமை. இரவில் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்ட சூசையப்பர் செய்ததும் அதுவே.

அத்தம்பதியர் நலமே திரும்பினர். "கடல் எப்படியிருந்தது?" என்று தந்தையைக் கேட்டோம். "நான் எங்க சாமி கடலைப் பார்த்தேன்? இவனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அருகில் நின்ற சிறுவனோ அலை எவ்வளவு உயரம் என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினான்.

திருக்குடும்பத்தின் காவலரான சூசையப்பர் உங்கள் பயணங்களுக்குத் துணையிருப்பாராக!