ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

"நாளைக்கு லீவுதானே? எங்கேயாவது போய்விட்டு வரலாமா?" என்று சனிக்கிழமை ராத்திரி புருஷன் கேட்கிறான். அன்பாகத்தான் கேட்கிறான். அதைக் கேட்டவுடன் மனைவி என்ன செய்கிறாள், தெரியுமா? எந்த ஊர் என்று விசாரிப்பதில்லை. எந்தப் புடவை கட்டலாம் என்று யோசிப்பதும் இல்லை. நேரே சமையலறைக்குப் போய், ஒரு எலுமிச்சம்பழ அளவு புளியை எடுத்து ஊறப் போடுகிறாள்.

உல்லாசப் பிரயாணம் என்றால் நம் வீடுகளில் புளியோதரை என்று அர்த்தம். புளியோதரை என்றால் விடியற்காலை நாலு மணி என்று அர்த்தம். அதோடு போகிறதா? தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்கில் காப்பி, உட்கார விரிப்பு, கை துடைக்கத் துண்டு. எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு அவள் தலையை வாரிக் கொள்ள உட்காரும்போது, வாசலிலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னுமா கிளம்பலை? வெயில் ஏறிடுமே!" அது யாருடைய குரல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கைக்காக மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்திய அரசாங்கம் 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறாள். ஏறக்குறைய ஐந்து மணி. வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிஷம். "பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே!" என்று சந்தோஷப்பட்டு விடாதீர்கள். 'செய்யும் ஆண்' என்பதைக் கவனியுங்கள். 100 ஆண்களில் அப்படிச் செய்கிறவர்கள் 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்குப் பாங்கியில் வேலை. அவளுக்கு ஓர் ஆடிட்டர் ஆபீஸில். அவனுடைய அம்மாவும் கூட இருக்கிறாள். பையன் தங்கமானவன். கிரிக்கெட் பைத்தியத்தைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. நல்ல காமிரா ஒன்று வைத்திருக்கிறான். நீள லென்ஸ் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவியையும் காமிராவையும் அழைத்துக் கொண்டு எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும் அவனுக்கு.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக் கொண்டிருந்தவளிடம், "அவருக்குக் காமிரா இருக்கிறது. உனக்கு என்னம்மா பொழுதுபோக்கு?" என்று கேட்டேன்.

"பொழுதுபோக்கா? எனக்குப் பொழுது போகாம இருந்தால்தானே அக்கா!" என்று சிரித்தாள்.

அதற்கு முந்தின நாள்தான் மாமல்லபுரம் போய் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து சுமார் 55 கிலோ மீட்டர். ஒரு நாளில் அழகாகப் போய் வரலாம். ஆனால் பையன் ஒரு ஜாபிதா தயார் செய்திருந்தான்: கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கலங்கரை விளக்கம், புலிக்குகை, திரும்பும் வழியில் முதலைப் பண்ணை. ஆக மொத்தம் ஏழு. பரீட்சைக்குப் படிக்கிறவன் பாடங்களை முடிப்பதுபோல் ஒவ்வொன்றாக 'முடித்து'க் கொண்டே வந்திருக்கிறான். பின்னால் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கொண்டு இவள்.

"எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு இடம்தான், அக்கா. கிருஷ்ண மண்டபம். அவர் லிஸ்ட்டிலேயே இல்லை அது. மழைத் தூறலுக்கு ஒதுங்கினோம்" என்றாள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்க, அதன் கீழே ஆயர்பாடியே கவலையில்லாமல் தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கும். ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் தலையில் சுமையோடு நிற்கிறாள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். முன்னால் உள்ள தூண் மண்டபம் பிற்காலத்தில் கட்டியது.

"ஆயிரத்து முந்நூறு வருஷமா அவள் அந்தச் சுமையை இறக்கவே இல்லை, பார்த்தீங்களா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, ஏனங்களைக் கழுவி, இட்லிக்கு அரைத்து, மறுநாள் ஆபீஸுக்குத் துணி தேய்த்து வைத்துவிட்டு அவள் படுக்கும்போது பதினொன்றரை. செல்போனில் அன்றைய படங்களைப் பார்த்துக் கொண்டே, "நல்லா ரெஸ்ட் எடுத்தோம், இல்லே?" என்றானாம் அவன்.

அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கு அது ஓய்வுதான். இவளுக்கும் ஓய்வாக இருந்திருக்கும் என்று மனப்பூர்வமாக நம்புகிறான். வீட்டு ஆண்களில் பெரும்பாலோர் வில்லன்கள் அல்ல. ஊறுகிற புளியைப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

விஷயம் வெளிவந்தது பழைய பேப்பர்க்காரரால். ஒரு சனிக்கிழமை எடைக்குப் போடுவதற்காக வைத்திருந்த கட்டிலிருந்து, மாமியார் ஒரு தடித்த நோட்டை உருவி எடுத்தாள். உள்ளே பூராவும் பென்சில் சித்திரங்கள். மைனா, தவிட்டுக் குருவி, மின்சாரக் கம்பியில் வரிசையாகக் கரிச்சான்கள். காலேஜ் நாளில் போட்டவை. கடைசிப் படத்தின் தேதி, கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு.

"இதை யார் பேப்பர்க் கட்டில் போட்டது?" என்று கேட்டாள் மாமியார்.

"நான்தான் அத்தை. சும்மா இடத்தை அடைச்சிட்டிருக்கு."

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒரு வீணை இருந்தது. புகுந்த வீட்டுப் பரணில் ஒன்பது வருஷம் கிடந்தது. வீடு மாத்தும்போது, இடத்தை அடைக்குதுன்னு நானேதான் கொடுக்கச் சொன்னேன்" என்றாள். பிள்ளைக்கே அது புதுச் செய்தி. அம்மாவுக்கு வீணை வாசிக்கத் தெரியும் என்று முப்பது வயதில் தெரிந்து கொண்டான் அவன்.

மறு ஞாயிறு எங்கே போவது என்று அவள் தீர்மானித்தாள். வேடந்தாங்கல். ஓர் இடம்தான், ஜாபிதா கிடையாது. புளி ஊறப் போடுவதும் கிடையாது. இட்லியும் பொடியும் அவன் கட்டினான். எண்ணெய் கசிந்து பையெல்லாம் ஒரே பிசுபிசுப்பு என்று கேள்வி. கசியட்டுமே!

ஜனவரி மாதம். மாம்பலத்தில் அதிகாலை மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். ஏரி பெரியது ஒன்றுமில்லை. ஏறக்குறைய 30 ஹெக்டேர். ஆனால் வடகிழக்குப் பருவ மழையில் அது நிரம்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடுகின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் ஒரே மரத்தில் மேல் போர்ஷன், கீழ்ப் போர்ஷன் என்று குடித்தனம் நடத்தும். பாம்புத்தாரா என்று ஒன்று உண்டு. நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே தெரியும். அதன் சிறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால், கரையேறியதும் இரண்டு சிறகையும் விரித்து, துணி உலர்த்துவதுபோல் உலர்த்திக் கொண்டு நிற்கும்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றி வைத்தது முதலில் சர்க்கார் அல்ல, அந்த ஊர்ஜனங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல், செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். ஊராருக்கு வெறும் கருணை மட்டும் காரணமல்ல. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். கருணையும் கணக்கும் கைகோத்துப் போனால் காரியம் நீடிக்கும் போலிருக்கிறது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலிலும் வேடந்தாங்கல் சேர்ந்துவிட்டது.

அவள் கரைமேல் ஒரு மரநிழலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். முதல் அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லையாம். கை மறந்து போயிருந்தது. கோடு போட்டாள், அழித்தாள், தாளைக் கிழித்தாள். 'வீட்டுக்கே போயிடலாம்' என்று வாய்வரை வந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் காமிராவின் நீள லென்ஸை ஒரு கூட்டின் பக்கம் திருப்பி, அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

நத்தைகுத்தி நாரைக் கூடு. அந்த நாரையின் அலகு, மூடினாலும் நடுவில் இடைவெளியோடு பாக்குவெட்டி மாதிரி இருக்கும். நத்தையைப் பிடித்து அதன் ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுப்பதில் மகா கெட்டிக்காரப் பறவை. ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் அடைகாக்கும், மாறி மாறித்தான் இரை தேடும். பத்தரை மணி வெயில் கூட்டில் நேராக விழுந்து கொண்டிருந்தது. தாயோ தகப்பனோ, ஒன்று, சிறகுகளைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்துக் கொண்டு அசையாமல் நின்றது. ஆண் எது, பெண் எது என்று பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

அதைத்தான் வரைந்தாள். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன், அன்று கிரிக்கெட் ஸ்கோர் இரண்டே தடவைதான் பார்த்தானாம். என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

படத்தை எனக்கும் காட்டினாள். கால்கள் சரியில்லை. சிறகு பிரமாதம்.

சித்திரம் எழுதுகிறவளாக இருந்தாலும் சரி, பாட்டு, தையல், பூந்தொட்டி எதுவாக இருந்தாலும் சரி, வாரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் திருடித்தான் எடுக்க வேண்டும் என்கிற நிலையில் நம் வீடுகளில் எத்தனை பேர்! இதே சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை ஒரு கல்கத்தாப் பத்திரிகைக்குப் பறவை, மிருகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். தாமே படமும் வரைவார். 46 வருஷம் ஒரே பகுதி! அந்த மாதிரி உழைப்புக்குத் திறமை வேண்டும், சந்தேகமில்லை. யாரும் "காப்பி எங்கே?" என்று கூப்பிடாத காலைப்பொழுதுகளும் வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு விவரம். வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை பொய்த்த வருஷமானால் விசாரித்துக் கொண்டு போங்கள். அதிகாலையோ சாயங்காலமோ உத்தமம். செங்கல்பட்டிலிருந்து பஸ் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் எழும்பூர் மியூஸியம் இருக்கிறது. 1851-ல் ஆரம்பித்தது; வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் எந்தக் காலும் வலிக்காது. எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு ஓட்டலில் இட்லிப் பொட்டலம் வாங்கினால் குலப்பெருமை ஒன்றும் குறைந்து விடாது. குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள், நோய்க்காகப் பத்தியம் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யட்டும். ஆனால் முந்தின நாள் ராத்திரி இரண்டு பேராகச் செய்யட்டும்.

மாடி வீட்டுப் பிரிஜ்ஜின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பையனின் கையெழுத்து. ஜாபிதா போடும் பழக்கம் போகவில்லை, என்ன செய்வது! ஆனால் ஊர்களின் ஜாபிதா அல்ல. ஞாயிறு ஏனம் கழுவுவது, மாவு அரைப்பது, துணி தேய்ப்பது என்று வரிசையாக எழுதி, எதிரே பெயர் போட்டிருக்கிறது. ஏனத்துக்கு எதிரே அவன் பெயர். போன வாரம் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. மாவு உப்புக் கரித்தது. மூன்று பேரும் அந்த இட்லியைச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. மாமியார் அதைக் கேட்டுக் கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள்.

"நானும் வர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. புளிக்காய்ச்சல் கிண்டச் சொன்னா வர மாட்டேன்."