கடல் கடந்த ஆசிரியை

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, நம் பழைய மாணவி ஒருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து தாயாருடன் வெள்ளவத்தைக்கு நம் வீடு தேடி வந்தாள். மாலைதீவில் ஒரு சிறு தீவின் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்க அவளுக்கு நியமனம் கிடைத்திருந்தது. தாயாருக்கோ அரை மனம். "குமர்ப்பிள்ளையைத் தனியே கடலுக்கு அப்பால் எப்படி விடுவது, சேர்?" என்றார். மகளின் கவலை வேறு. "அந்தப் பிள்ளைகளின் பாஷையில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாதே" என்றாள்.

1960-களில் மாலேயில் ஆங்கில மொழிமூலக் கல்வி தொடங்கிய காலந்தொட்டே நம் நாட்டு ஆசிரியர்கள் அங்கு சென்று வருகின்றனர். கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரப் பயணந்தான். இவற்றைச் சொல்லியும் தாயாரின் முகம் தெளியவில்லை. ஆகவே எலைசா அக்னியூ அம்மையாரின் கதையைச் சொன்னோம்.

நியூயோர்க்கில் பிறந்த இவ்வம்மையார், எட்டு வயதில் பூகோள பாடத்தின்போது உலகப் படத்தைப் பார்த்தே கீழைத் தேசத்துக்குப் போவதென்று தீர்மானித்தாராம். பெற்றோர் உயிருடன் இருந்தவரை அவர்களை விட்டுப் பிரியவில்லை. பிறகு, மணமாகாத தனிப் பெண்ணாக, 1839-இல் கப்பலேறி, 1840-இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824-இல் உடுவிலில் தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் தமிழும் ஆங்கிலமும் பயின்ற சிறுமிகளிடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்தார். தம் முதல் மாணவிகளின் பெண்களுக்கும் பேத்திகளுக்குங்கூடக் கற்பித்தார். 1883-இல் மானிப்பாயில் காலமாகும்வரை ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. 'ஆயிரம் பெண்மக்களின் தாய்' என்று அவரை அழைத்தனர்.

அவர் வந்தது மதம் பரப்பவே என்பதை நாம் மறக்கவில்லை. சைவர்களாகிய நமக்கு அதில் மனத்தாங்கலும் உண்டு. ஆயினும், பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட அக்காலத்தில் அவ்வாசிரியை செய்த பணியைச் சிறிதென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மகளுக்குச் சொன்னது வேறொருவரைப் பற்றி. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், தம் தமிழ் வேலைகளுக்குத் துணையாகக் கொண்டது அங்கு ஆங்கிலம் பயின்ற ஓர் இளைஞரையே. அவர்தாம் பின்னாளில் ஆறுமுக நாவலர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவியவரும் அவரே. பாதிரியார் தாம் சேகரித்த தமிழ்ப் பழமொழிகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றை 1874-இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவரின் கையில் சேர்ந்த செல்வம் அது!

அவள் புறப்பட்டுப் போய் இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். குரல் தழுதழுத்தது. வகுப்பில் ஒரு சிறுவன் ஆங்கிலக் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்து எழுதியிருக்கிறான். குறும்பென்று எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கண்டித்துவிட்டாள். பிள்ளை விம்மி அழுதான். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது என்பதைச் சக ஆசிரியை ஒருத்தி சொன்ன பின்னரே அறிந்தாளாம். "நான் திரும்பி வந்துவிடவா, சேர்?" என்று கேட்டாள். "நாளைக்கு அவனிடமே அந்த எழுத்தில் உன் பெயரை எழுதித் தரச் சொல்" என்றோம்.

எழுதிக் கொடுத்தானாம். அது முதல் ஆசிரியைக்கு நாள்தோறும் ஒரு சொல் கற்பிப்பது அவன் பொறுப்பாகிவிட்டது. கொட்டாஞ்சேனைத் தெருவில் அவள் கேட்டு வளர்ந்த சிங்களம் அங்கே உதவியது. இங்கே 'ஹதர' என்னும் நான்கு அங்கே 'ஹதரு'. அவள் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறதாம்.

தாயார் போன கிழமை காலி வீதியில் நம்மைக் கண்டார். விடுமுறைக்கு வரும் மகள், அந்தச் சிறுவனுக்குக் கொண்டுபோகப் படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னாளாம். எந்தக் கடையில் நல்லது கிடைக்கும் என்று கேட்டார்.