பாத்திரத்தில் கல் விழுந்த பையன்

"நீ யார் வீட்டுப் பிள்ளை?"

பள்ளிக்கூடத்தில் புதுப் பையனிடம் மற்ற பிள்ளைகள் கேட்கும் கேள்வி. ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் 'அப்பா தோல் பதனிடும் வேலை பார்க்கிறார்' என்று சொல்லிவிட்டால், சில நேரம் மூக்கைப் பொத்திக் காட்டும் கேலியும் சேர்ந்து வரும். கேட்கிறவர்களுக்கு விளையாட்டு. அந்தப் பையனுக்கு அப்படி இல்லை.

இந்த வலி 'மணிமேகலை'யில் இருக்கிறது. 1898-ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த அதே பௌத்தக் காப்பியம்தான்.

பௌத்தக் கதைகளில் குழந்தை என்றால் பலருக்கும் புத்தரின் மகன் ராகுலன்தான் நினைவுக்கு வருவான். சீத்தலைச் சாத்தனார் காட்டும் பிள்ளை அரண்மனையில் பிறந்தவன் இல்லை. காசியிலிருந்து குமரிக்கு நீராட வந்த சாலி என்ற பெண், வழியில் பெற்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது ஒரு பசு. பிறகு இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்து, வேதமும் சொல்லிக் கொடுக்கிறார். பையன் பெயர் ஆபுத்திரன். பசுவின் மகன் என்று அர்த்தம்.

ஒருநாள், வேள்விக்காகக் கட்டிவைத்த பசுவைப் பார்க்கிறான். ஒளிந்திருந்து, ராத்திரியில் ஓட்டிக்கொண்டு கிளம்புகிறான். மாட்டிக்கொள்கிறான். அடி விழுகிறது. பசுவின் மகன் என்று கேலி வேறு. பையன் அழவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் முனிவர்களை வரிசையாக எடுத்துவிடுகிறான். 'இவர்களும் உங்கள் பெரியவர்கள்தானே?' என்பது அவன் வாதம். பதில் சொல்வது கஷ்டம்தான்!

ஒருவர் சாலியின் கதையைப் போட்டு உடைக்கிறார். தொடக்கூடாதவன் என்றாகிவிடுகிறது. வளர்த்த அப்பாவே வீட்டைவிட்டு விரட்டுகிறார். பிச்சைக்குப் போனால், நீட்டிய பாத்திரத்தில் சோற்றுக்குப் பதில் கல்லைப் போடுகிறார்கள்.

மதுரைக்குப் போகிறான். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், நோயாளி, யாருமற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு, பிச்சையாகக் கிடைத்ததைக் கொடுக்கிறான். மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, அந்தப் பாத்திரத்தையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு மழை ராத்திரி பசியோடு ஆட்கள் வந்து நிற்க, கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகிறாள்.

பின்னால் மணிமேகலை கைக்கு வருவதும் அந்தப் பாத்திரம்தான். பஞ்சத்தில் தவித்த காஞ்சிக்கு அவள் சோறு போட்டதும் அதிலிருந்துதான். வேலூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வருமே, அதே காஞ்சிபுரம்.