ஆடும் விரலும் எழுதும் விரலும்

மனிதன் படைத்த கருவிகள் அவன் கையின் ஆற்றலைப் பெருக்கின; பின்னர் அக்கையையே தமக்கேற்ப வனைந்தும்விட்டன. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தொழிலாளி, மரத்தின் உள்ளே காயம் படாதவாறு பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவுகிறார். எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதை அவர் அளவுகோல் கொண்டு அறிவதில்லை. பல்லாண்டுப் பழக்கத்தால் அவருடைய மணிக்கட்டே அதனை அறிந்து வைத்திருக்கிறது. எனவே, எக்கருவியைக் கையில் எடுக்கிறோம் என்பது, எப்பழக்கத்தைக் கைக்கு ஊட்டுகிறோம் என்பதும் ஆகும்.

இக்கருத்தை மனத்திற்கொண்டு, இளைஞரிடையே ஓயாது நிகழ்ந்துவரும் வழக்கொன்றை ஈண்டு ஆராய விழைகிறேன். கணிப்பொறியில் விளையாடுவதற்கு ஏற்றது விசைப்பலகையும் சுட்டியுமா, அன்றி ‘கேம்பேட்’ எனப்படும் கைப்பிடிக் கருவியா என்பதே அவ்வழக்கு. பெரியோர்க்கு இது சிறுபிள்ளை விவாதமாகத் தோன்றலாம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்றும் சிலர் வினவலாம். ஆயினும் இவ்வழக்கின் உள்ளே நம் மொழியின் எதிர்காலம் பற்றிய வினாவொன்று மறைந்து கிடக்கிறது என்பதே என் கருத்து.

இரு கருவிகளின் வரலாறு

விசைப்பலகை விளையாட்டிற்காகப் பிறந்ததன்று. 1870களில் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியின் வழித்தோன்றல் அது. சுட்டியும் அவ்வாறே. டக்ளஸ் எங்கெல்பர்ட் தம் குழுவினருடன் உருவாக்கி, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அறிஞர் அவையில் இயக்கிக் காட்டிய அக்கருவி, அறிவுப் பணிக்கென எண்ணப்பட்டதே. அலுவலகத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் உரியவற்றைப் பிற்காலத்து இளைஞர் விளையாட்டுக்கு வசப்படுத்திக்கொண்டனர்.

கேம்பேடோ விளையாட்டிற்கென்றே பிறந்தது. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவில் பணியாற்றிய குன்பே யோகோய், 1982-இல் கையடக்க ஆட்டக் கருவியொன்றில் சிலுவை வடிவான திசைப்பொத்தானை அமைத்தார். இடக்கைப் பெருவிரல் ஒன்றே நாற்றிசைக்கும் ஆணையிட இயன்றது. அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சியோடு இணைக்கும் ஆட்டப் பெட்டிகளுக்கும் வந்தது. 1990களில் நம் நாட்டுக் கடைவீதிகளில் ‘டி.வி. கேம்’ என்னும் பெயரால் விற்பனையானவை பெரும்பாலும் அவற்றின் படிகளே. நம் பகுதியில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தோரின் பெட்டிகளிலும் அவை இடம்பெற்றன. 1996, 1997-ஆம் ஆண்டுகளில், சாய்க்கும் அளவிற்கேற்ப இயங்கும் சிறு குச்சிகள் கைப்பிடியில் சேர்ந்து, இன்றைய வடிவம் உருப்பெற்றது.

எது எதில் வல்லது?

இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை உணராது ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது நடுநிலையாகாது. சுட்டியை மேசைமீது ஓரங்குலம் நகர்த்தினால், திரையிலுள்ள குறியும் அதற்கேற்ற தொலைவு நகர்ந்து நின்றுவிடும். அது இடத்தைச் சொல்லும் கருவி. கேம்பேடின் குச்சியோ வேகத்தைச் சொல்லும் கருவி. சாய்த்திருக்கும் வரை பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். உரிய நொடியில் விட்டால்தான் வேண்டிய இடத்தில் நிற்கும். ஆதலின், குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களிலும், படைகளை நகர்த்தும் போர் உத்தி ஆட்டங்களிலும் சுட்டியே விஞ்சி நிற்கிறது.

விசைப்பலகைக்கும் குறையுண்டு. பொதுவாக ஒரு விசைக்கு அழுத்துதல், அழுத்தாமை என்னும் இருநிலைகளே உள்ளன. மெல்ல வளைக்க வேண்டிய வாகன ஓட்டத்திலும், நடையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய கால்பந்தாட்டத்திலும் அவ்விருநிலை போதாது. அங்கே கைப்பிடியே சிறக்கும். ஒரு திரையின்முன் நால்வர் அமர்ந்து சேர்ந்து விளையாடுவதற்கும் அதுவே ஏற்றது. இயக்கக் குறையுடையோர் பொருட்டு, பெரிய பொத்தான்களும் புறக் கருவிகளை இணைக்கும் துளைகளும் கொண்ட சிறப்புக் கருவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018-இலும், அத்தகைய வேறொன்றைச் சோனி நிறுவனம் 2023-இலும் வெளியிட்டன. கையின் குறையைக் கருவி ஏற்றுக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் இப்பண்பு போற்றத்தக்கது.

சுட்டியை ஆள்வோர் கூறும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. சுடும் ஆட்டங்கள் பலவற்றில், பெருவிரலின் தடுமாற்றத்தை ஈடுசெய்யக் கைப்பிடியாளரின் குறியை மென்பொருளே இலக்கின் பக்கம் சற்று ஈர்த்துக் கொடுக்கிறது. ‘பொறி செய்த உதவியால் பெற்ற வெற்றி வெற்றியா?’ என அவர்கள் வினவுகின்றனர். எல்லாரும் அறிய வழங்கப்படும் உதவி வஞ்சகமாகாது. எனினும் பரிசுக்குரிய போட்டிகளில் இரு சாராரையும் தனித்தனியே மோதவிடுவதே நேர்மைக்கு ஏற்றது.

சீனத்தின் ஹாங்சோ நகரில் 2023-இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு ஆடும் ஆட்டங்களும், கைப்பேசித் திரையில் ஆடும் ஆட்டங்களும், தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கொண்டு ஆடும் மற்போர் ஆட்டமும் ஒரே விழாவில் இடம்பெற்றன. அம்மற்போர் ஆட்டத்தில் தங்கம் வென்ற தென்கொரிய வீரர் கிம் குவான்-வூவுக்கு அகவை 44. ஆட்டத்தின் இயல்பே கருவியைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் பெறப்படும். விளையாட்டு என்னும் எல்லைக்குள் நின்று பார்த்தால் வழக்கு இவ்வளவில் முடிந்தது.

பெரியோர் ஐயம்

‘கருவி எதுவாயினும் என்ன? ஆட்டமே வேண்டாவே!’ என்னும் பெரியோரின் குரல் என் செவியில் விழாமல் இல்லை. பணம் வைத்து ஆடும் இணையச் சூது எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்துள்ளது. அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் சூதையும் விளையாட்டையும் ஒன்றெனக் கருதலாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்தாடுவதைத் தடை செய்து, திறன் காட்டும் மின்விளையாட்டை வேறு பிரித்து ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆட்டம் கவனத்தைச் சிதறடிக்கும் என்பது மற்றோர் ஐயம். இதற்கு விடைகூற நம் மாவட்டத்தின் இடலாக்குடியிலேயே ஒருவர் பிறந்தார். 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் ஒரே அமர்வில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டிச் ‘சதாவதானி’ எனப் பட்டம் பெற்ற செய்குத்தம்பிப் பாவலரே அவர். இலக்கண வினாவிற்கு விடையளித்தல், கேட்ட பொருளில் பாட்டியற்றுதல் ஆகியவற்றோடு, முதுகில் எறியப்படும் கற்களை எண்ணுதலும் சதுரங்கம், சொக்கட்டான் முதலிய ஆட்டங்களைக் கவனித்தலும் அவதானக் கலையில் அடங்கும். அவ்வவையில் ஆட்டமும் யாப்பும் அருகருகே அமர்ந்திருந்தன. ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை. ஆட்டத்தின் அருகில் தமிழுக்கும் இடமிருந்தது என்பதே நாம் அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம். இன்றைய இளைஞனின் ஆட்டத்திற்கருகில் தமிழ் அமர இடமுண்டா? கருவி பற்றிய வழக்கு மீண்டும் உயிர்பெறுவது இவ்விடத்தில்தான்.

விசைப்பலகையில் சுட்டெழுத்து

விசைப்பலகையில் ஆடுவோர் இடக்கை விரல்களை எங்கே வைக்கின்றனர் என்பதை உற்றுநோக்குக. வலக்கை சுட்டியைப் பற்றிக்கொள்வதால், இடக்கை ஆங்கில எழுத்துகளாகிய டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளின்மேல் அமர்கிறது. முன்னே செல்ல டபிள்யூ, இடப்புறம் செல்ல ஏ, பின்வாங்க எஸ், வலப்புறம் செல்ல டி. 1990களின் பிற்பகுதியில் ‘குவேக்’ என்னும் ஆட்டத்தில் புகழ்பெற்ற டென்னிஸ் ஃபாங் என்பாரின் விரலமைப்பைப் பின்பற்றி இம்முறை உலகெங்கும் பரவியது.

1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழக அரசால் ஏற்கப்பெற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையை இனி நோக்குவோம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுக்கப்பட்டுள்ளன. டபிள்யூ இருக்கும் இடத்தில் ‘ஈ’ அமைந்துள்ளது. ஏ, எஸ், டி ஆகிய மூன்றின் இடங்களில் முறையே அமைந்திருப்பவை அ, இ, உ.

தமிழ் மாணவர் இவ்வரிசையைக் கண்டதும் புன்னகை பூப்பர். அ, இ, உ என்னும் மூன்றும் நம் இலக்கணம் கூறும் சுட்டெழுத்துகள் அல்லவா? சேய்மையைச் சுட்ட அகரம், அண்மையைச் சுட்ட இகரம், இடைப்பட்டதைச் சுட்ட உகரம். அங்கே, இங்கே எனத் தன் வீரனை ஓட்டும் இளைஞன், அறியாமலே சுட்டெழுத்துகளின்மேல் விரல்வைத்து ஆடிக்கொண்டிருக்கிறான்! இது திட்டமிட்டு நேர்ந்ததன்று, தற்செயலே. ஆயினும் அவனுடைய விரல்கள் தமிழின் வாயிலில் நாள்தோறும் மணிக்கணக்கில் நிற்கின்றன. உள்ளே நுழையுமாறு அவற்றை அழைப்பார்தாம் இல்லை.

தமிழ்99-இன் அமைப்பும் நம் இலக்கணத்தை ஒட்டியதே. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளே போதும். 247 எழுத்துகளும் பிறந்துவிடும். ககர விசையை அழுத்தி, பின் இகர விசையை அழுத்தினால் ‘கி’ தோன்றும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாதலை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். இங்கே விரல்களே அதனைச் செய்து காட்டுகின்றன. ல, ள, ழ ஆகியவற்றிற்கும், ந, ன, ண ஆகியவற்றிற்கும், ர, ற ஆகியவற்றிற்கும் தனித்தனி விசைகள் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் முறை, தொடக்க நிலையினர்க்கும் அயலகத் தமிழர்க்கும் பெருந்துணை புரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அம்முறையில் தமிழ்ச்சொல் முதலில் ஆங்கில உருவெடுத்த பின்னரே தமிழுக்குத் திரும்புகிறது. ரகர, றகர மயக்கமும் னகர, ணகர மயக்கமும் மலிந்துள்ள இக்காலத்தில், எழுத்துதோறும் விரலுக்குத் தனியிடம் தரும் முறையே மாணவர்க்கு நன்மை பயக்கும்.

மறுப்பும் விடையும்

‘நான்கு விசைகளை அழுத்தி ஆடுவதனால் தட்டச்சு வந்துவிடுமா?’ எனக் கேட்கலாம். வாராது. ஆட்டத்தில் மோதிர விரல் அகர விசைமீது இருக்கும். தட்டச்சில் அவ்விடம் சிறுவிரலுக்கு உரியது. எனவே கையை ஒரு விசை அளவு வலப்புறம் தள்ளியமைத்துக் கற்க வேண்டும். ஆனால் விசைப்பலகையைக் கண்டு அஞ்சாமை, பார்க்காமலே விசையின் இடம் உணர்தல், இரு கைகளையும் வெவ்வேறு பணியில் ஈடுபடுத்தல் ஆகிய மூன்றும் விசைப்பலகை ஆட்டக்காரனுக்கு முன்னரே கைவந்துள்ளன. அவன் கடக்க வேண்டிய தொலைவு குறைவு. கேம்பேடில் இரு பெருவிரல்களைப் பழக்கியவன் பெற்ற திறனோ, ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலும் கைப்பிடியோடு கீழே வைக்கப்படுகிறது.

‘கைப்பேசியிலேயே தமிழ் எழுதலாமே’ என்பது அடுத்த மறுப்பு. நலம் விசாரிக்கவும் வாழ்த்துச் சொல்லவும் அது போதும். இருபது பக்க ஆய்வுக் கட்டுரைக்குப் போதுமா? இன்றும் தமிழ் மாணவர் பலர் தம் கட்டுரையைக் கையால் எழுதி, டி.டி.பி. கடையில் கொடுத்துப் பக்கத்திற்கு இவ்வளவு எனக் கூலி தந்து அச்சிட்டு வாங்குகின்றனர். பிழை திருத்த மீண்டும் ஒரு நடை. மீண்டும் ஒரு கூலி. தாய்மொழியில் முதுகலை பயில்பவர் அம்மொழியைத் தம் விரலால் எழுதப் பிறர் கையை எதிர்பார்ப்பது இரங்கத்தக்கதன்றோ? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறியமைத்த நாள்தொட்டு, இளநிலை, முதுநிலை எனத் தட்டச்சுத் தேர்வெழுதி அரசுப் பணி பெற்ற தலைமுறைகள் நம்மிடையே உண்டு. அவர்தம் பிள்ளைகளின் விரல்கள் பெருவிரல் இரண்டாகச் சுருங்கிவிடலாகாது.

செலவும் எண்ணத்தக்கது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் விசைப்பலகை எளிய இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. கேம்பேடுக்குத் தனியே பொருள் செலவிட வேண்டும். தமிழ்99-ஐ இயக்கும் ‘இ-கலப்பை’ போன்ற மென்பொருள்களோ விலையின்றியே கிடைக்கின்றன.

நிறைவாக

கேம்பேடை வெறுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வாகனம் ஓட்டவும், பந்தாடவும், உடன்பிறந்தாரோடு ஒரு திரையின்முன் அமர்ந்து மகிழவும் அது நல்ல துணை. இயக்கக் குறையுடைய அன்பர்க்கு அதுவே உலகின் வாயில். ஆயினும் மாணவனின் முதற்கருவியாக விசைப்பலகையும் சுட்டியுமே அமைதல் வேண்டும். கைப்பிடி அதற்குப் பின்னர் வரட்டும்.

பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் கணிப்பொறியைக் கண்டாலே சினந்து மூடச் சொல்வதை விடுத்து, ‘நம் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டிக் காட்டு’ என ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியப் பெருமக்கள், மாணவர் தாமே தட்டச்சிட்ட கட்டுரைகளை விரும்பி ஏற்கலாம். தமிழ் மன்ற விழாக்களில் பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டியோடு தமிழ்த் தட்டச்சுப் போட்டிக்கும் ஒரு பரிசு ஒதுக்கலாம். மாணவச் செல்வங்களே, நீங்கள் ஆட்டம் தொடங்குமுன் அரைமணி நேரம் தமிழில் தட்டிப் பழகுங்கள். பகைவனைக் கண்ட நொடியில் பாயும் விரலுக்கு, றகரத்தின் இடம் அறிவது அரிதாகாது. ஒரு பருவம் முழுதும் இதனைச் செய்தால், அடுத்த ஆண்டு மலருக்கான கட்டுரையை நீங்களே தட்டச்சிட்டுத் தருவீர்கள். அதனைப் பெற்றுக்கொள்ளத் தமிழ்த்துறை காத்திருக்கிறது.