ஆறு நமது, எச்சரிக்கையும் நமக்கு வேண்டும்

தென்மேல் பருவமழை வலுத்துவிட்டால், மஸ்கெலியா, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் ஆற்றின் இரைச்சல் லயத்துக்குள்ளேயே கேட்கும். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் செங்குத்தான மலைகளைப் பிளந்து இறங்கும் ஆறுகள். லக்ஷபானவில் 126 மீற்றரும், அபர்டீனில் 98 மீற்றரும் பாய்ந்து விழுந்து, கித்துல்கலைப் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. மஸ்கெலியா ஓயாவின் ஆழ்பள்ளத்தில் உள்ள நீர்த்தேக்கத்துக்குக் கெனியன் என்றே பெயர்.

இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் எடுத்துக் கூறினார். 1950 இல் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நமது மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது. நமது மலையிலிருந்து போன வெளிச்சம் கொழும்பை அடைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நமது லயங்களில் குப்பி விளக்குதான் எரிந்தது. மவுஸ்சாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயில் வெளியே தெரிவதைப் பார்த்து நிற்கும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்று நாம் பேச வேண்டியது உயிரைப் பற்றி. அணைக்குக் கீழே ஆறு பெரும்பாலும் வற்றித்தான் கிடக்கும். அதை நம்பி நமது பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள், விறகுக்குப் போகிறவர்கள் பாறை தாண்டுகிறார்கள். மேலே மழை கொட்டும்போது கீழே வெயில் அடிக்கலாம். வான்கதவு திறந்தால், அகன்று பரவ இடமில்லாத ஒடுங்கிய பள்ளத்தில் நீர் சில நிமிடங்களில் ஆளுயரத்துக்கு ஏறிவிடும். ஓடி ஏறக் கரையும் இல்லை.

எனவே நாம் கேட்பது இதுதான். வான்கதவு திறக்கும் முன் அறிவித்தல் தமிழிலும் வர வேண்டும். நகரத்தோடு நிற்காமல் ஆற்றோர லயங்கள் வரை வர வேண்டும். குளிக்கும் இடங்களில் தமிழ், சிங்களம் இரண்டிலும் பலகைகள் வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் குளிக்கவும் துவைக்கவும் போதிய குழாய் நீர் இருந்தால், எந்தத் தாயும் ஆற்றுக்கு இறங்கத் தேவையில்லை. புதிய வீடுகளை ஆற்றோரச் சரிவில் கட்டக் கூடாது.

நமது கடமையும் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணியை விட்டுவிட்டு உடனே மேலே ஏறுங்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கங்களும் மழைக்கு முன்பே கூடி, எந்தெந்த இடம் ஆபத்தானது என்று எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கையளிக்க வேண்டும்.

நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் ஆறு, நமது வீட்டு விளக்கை அணைக்க விடமாட்டோம்.